ஈரலின் இறுக்கம் குறைந்தால் சுகமாகிவிட்டதா?



கல்லீரல் நோயாளிகளின் பரிசோதனைச் செலவுக்காகச் சென்ற மடலில் உங்கள் உதவியைக் கேட்டிருந்தோம். நீங்கள் மனமுவந்து கொடுத்தீர்கள். நன்றி. நீண்ட காலமாக இந்தப் பணியைத் தாங்கிவரும் ஒரு அம்மா, காணிக்கையோடு ஒரு கேள்வியையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். "பி வகைக் காமாலைக்கு அரசாங்கமே இலவசமாக மாத்திரை கொடுக்கிறது என்கிறீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் இறுக்கம் குறைகிறது என்றும் எழுதுகிறீர்கள். பிறகு அதே ஆளுக்கு வருஷந்தோறும் அதே பரிசோதனை எதற்கு? சுகமாகிறவருக்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக வருகிறவருக்குச் செலவழிக்கலாமே?"

கேள்வி நியாயமானது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பினால் எங்கள் நோயாளி ஒருவர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ஆகவே அவர் கதையையும் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

பெயரில் கல் உண்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் கறிக்கடையில் நின்றிருப்பீர்கள். கடைக்காரர் ஆட்டு ஈரலை எடுத்துத் தராசில் போடும்போது அது வழுக்கிக்கொண்டு, வளைந்து விழும். விரலால் அழுத்தினால் அமுங்கும். நம்முடைய கல்லீரலும் அப்படித்தான். பெயரில் கல் இருந்தாலும் சுகமான ஈரல் மென்மையானது. எபிரெய மொழியில் ஈரலுக்கு வழங்கும் சொல் 'கனமானது' என்ற பொருளுடைய வேரிலிருந்து வருகிறது. உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது அதுவே. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். எரேமியாவின் புலம்பலிலும் துக்கத்தின் ஆழத்தைச் சொல்ல ஈரலையே எடுத்துச் சொல்லியிருக்கிறது.

ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் இந்த ஈரலுக்குள் குடியேறுகிறது. இரத்தத்தின் மூலமும், உடலுறவின் மூலமும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் அது பரவும். பெரியவர்களாகி இதைப் பெற்றவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் தானாகவே அதை வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போதே பெற்ற குழந்தைகளிலோ 100க்கு 90 பேர் அளவில் அதை ஆயுள் முழுவதும் சுமக்க நேரிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வைரஸ் இரத்தத்தில் தங்கிவிட்டால் அதை நாள்பட்ட நோய் என்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இப்படி வாழ்ந்ததாகவும், அவர்களில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்தியாவில் இருந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலோருக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, கண் மஞ்சளாவதில்லை. தங்களுக்கு நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

வைரஸ் தங்கிய ஈரலில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, வைரசை எதிர்த்து உடல் போராடுவதால் ஈரல் வீங்குகிறது. இரண்டாவது, அந்தப் போராட்டத்தில் புண்பட்ட இடங்கள் ஆறும்போது தழும்பு விழுகிறது. வீக்கம், தழும்பு இரண்டுமே ஈரலை இறுக்குகின்றன. தழும்பு பெருகிப் பெருகி ஈரல் முழுவதும் முடிச்சு முடிச்சாகிவிடும் நிலைக்குத்தான் சிரோசிஸ் என்று பெயர். வீக்கமும் தழும்பும் வேறு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாங்கள் சொல்லப்போவதெல்லாம் இதைப் பொறுத்ததே.

இறுக்கத்தை எப்படி அளக்கிறார்கள்?

முன்னெல்லாம் ஈரலில் தழும்பு எவ்வளவு என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி ஈரலில் ஒரு சிறு துண்டை எடுக்க வேண்டும். எடுத்தபின் இரத்தக் கசிவுக்குப் பயந்து பல மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஊசிக்கு முந்தின இரவு எத்தனையோ பேருடைய கட்டிலருகே நாங்கள் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறோம். அவ்வளவு பாடுபட்டு எடுத்த துண்டு, முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஒருமுறை குத்தியவரிடம் அடுத்த வருஷமும் குத்தவேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

2000க்குப் பிறகு பிரான்ஸ் நாட்டில் உருவான ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி இதை மாற்றியது. நோயாளி மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குமேல் வைத்துக்கொள்கிறார். விலாவின்மேல் ஒரு முனையை வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அந்தத் தட்டலிலிருந்து கிளம்பும் அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஒலி அலையைக் கொண்டு கருவி பார்க்கிறது.

வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்ந்து கிடக்கும் கயிற்றின் ஒரு முனையைத் தட்டினால் அதிர்வு மெதுவாக ஊர்ந்து போகும். இழுத்துக் கட்டிய கயிற்றிலோ தட்டிய மறுகணமே அடுத்த முனைக்குப் போய்ச் சேரும். ஈரலிலும் அப்படியே. இறுக்கம் கூடக் கூட அதிர்வு வேகமாக ஓடும். வேகம் இரண்டு மடங்கானால் இறுக்கத்தின் எண் நான்கு மடங்காகும். இப்படிப் பத்துமுறை தட்டி, கிடைத்த எண்களின் நடுவெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊசியுமில்லை, வலியுமில்லை. ஊசித் துண்டைவிட நூறு மடங்கு பெரிய பகுதியை இது பார்க்கிறது.

இறுக்கத்தை கிலோபாஸ்கல் என்ற அளவில் சொல்கிறார்கள். சுகமான ஈரல் 5ஐ ஒட்டி இருக்கும். பி வகை நோயாளிகளுக்கு 7க்கு மேல் போனால் கவனிக்கத்தக்க தழும்பு இருக்கலாம் என்றும், 12.5க்கு மேல் போனால் சிரோசிஸ் இருக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லுகிறது. கருவி இல்லாத ஊர்களில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற ஈரல் சோதனையையும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

பெருங்களத்தூர் ஆட்டோக்காரர்

இப்போது அவர் கதைக்கு வருவோம். பெருங்களத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவர், வயது நாற்பதைத் தாண்டியவர். ஒரு இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தபோது பி வகை வைரஸ் இருப்பது தெரிந்தது. நம்மிடம் வந்தபோது எஸ்.ஜி.பி.டி. மிகவும் கூடியிருந்தது, ஈரல் இறுக்கம் 14.2. மருத்துவர் தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டார். மறுபடியும் தட்டிப் பார்த்தபோது எண் 8.4.

காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் எங்களைத் தேடி வந்தார். "ஐயா, பாதிக்குப் பாதி கொறஞ்சிடுச்சு!" என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். "தம்பி, ஸ்தோத்திரம்" என்று சொல்லி, அங்கேயே அவர் தலைமேல் கைவைத்து நன்றி ஜெபம் செய்தோம். அந்த எண் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தையும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு எங்களுக்கே அப்போது தெரியாது. மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். ஐயாவே ஜெபித்துவிட்டார் என்று அவர் நினைத்தார். அடுத்த ஞாயிறு தன் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து அவர் மனைவி அவரை வேறொருவருடைய ஆட்டோவில் கொண்டுவந்தார். கண்ணும் உடம்பும் மஞ்சள், வாந்தி, வயிற்றில் நீர். அடங்கியிருந்த வைரஸ் மறுபடி பெருகி ஈரலைத் தாக்கியிருந்தது. மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். அதில் நான்கு நாள் எங்களுக்கு நம்பிக்கையே இல்லை. தேவ கிருபையாலும், மாத்திரையை உடனே திரும்பத் தொடங்கியதாலும் அவர் பிழைத்தார். எல்லாரும் பிழைப்பதில்லை.

கொஞ்சம் தெளிந்தபின் அவர் கேட்டது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "ஐயா, அந்த நம்பர் பொய்யா?"

எண் பொய்யில்லை. நாம்தான் அதை வாசிக்கத் தெரியாமல் வாசித்தோம்.

வெள்ளமும் சேறும்

எண் குறைந்ததற்கு என்ன பொருள் என்பதை எங்களுக்கு விளங்க வைத்தவர் நம் மருத்துவர்தான். அவர் சொன்ன விதமாகவே சொல்லுகிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் சில நாட்களில் வடிந்தது. ஆனால் தண்ணீர் வடிந்த வீட்டில் மறுநாளே குடியேற முடிந்ததா? வீடெங்கும் சேறு. அதை வாரிக் கொட்ட வாரங்கள் ஆயின. சுவரில் ஏறிய ஈரம் காய மாதங்கள் ஆயின. சில வீடுகளின் சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

மாத்திரை தொடங்கியபின் முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் ஈரல் இறுக்கம் வேகமாகக் குறைவது பெரும்பாலும் வெள்ளம் வடிவதுதான். வைரஸ் அடங்குகிறது, போராட்டம் ஓய்கிறது, வீக்கம் தணிகிறது. அதனால் எண் இறங்குகிறது. தொடக்கத்தில் எஸ்.ஜி.பி.டி. மிகவும் கூடியிருந்தவர்களுக்கு இந்த முதல் இறக்கம் பெரிதாக இருக்கும். ஏனெனில் அவர்களுடைய முதல் எண்ணிலேயே வீக்கத்தின் பங்கு அதிகம். நம் ஆட்டோக்காரரின் 14.2 முழுவதும் தழும்பு அல்ல. ஒரு பகுதி வீக்கம். ஆகையால் 8.4 என்றதும் தழும்பில் பாதி மறைந்துவிட்டது என்று கணக்குப் போட்டது தவறு. வெள்ளம் வடிந்திருந்தது, சேற்றை வாரும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அந்தச் சேறு வாரப்படுமா? வாரப்படும் என்பதுதான் நற்செய்தி. தழும்பு விழுந்த ஈரல் திரும்பாது என்றுதான் முன்பு மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். டெனோஃபோவிர் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் 348 பேருக்குத் தொடக்கத்திலும் ஐந்து வருஷம் கழித்தும் ஊசியால் ஈரல் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2013இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்து வருஷத்துக்குப் பின் சிரோசிஸ் இல்லை. வைரஸ் அடங்கிய ஈரலில் தழும்பு நாரை உண்டாக்கும் உயிரணுக்கள் ஓய்ந்துவிடுகின்றன. விழுந்த நாரை உடலே சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஆனால் அதற்கு எடுத்த காலத்தைக் கவனியுங்கள். ஐந்து வருஷம், நாள்தோறும் ஒரு மாத்திரை. அந்த 96 பேரில் மற்ற 25 பேருக்கு அப்போதும் சிரோசிஸ் இருக்கத்தான் செய்தது.

ஆற்றை என்ன செய்வது?

சேறு வாரி முடிந்தாலும் ஆறு அங்கேயேதான் இருக்கிறது. இந்த வைரஸ் தன் மூலப் பிரதியை ஈரல் உயிரணுவின் கருவுக்குள் ஒரு சிறு வளையமாக ஒளித்து வைக்கிறது. டெனோஃபோவிரும் என்டகாவிரும் அந்தப் பிரதியிலிருந்து புதுப் புது நகல்கள் பெருகுவதைத்தான் தடுக்கின்றன. மூலப் பிரதியை அவை அழிப்பதில்லை. மாத்திரை என்பது ஆற்றுக்குக் கட்டிய கரை. வெள்ளம் வடிந்துவிட்டது என்று கரையை வெட்டினால் என்ன ஆகும்? ஆட்டோக்காரருக்கு ஆனதுதான் ஆகும்.

தாம்பரத்து மக்களுக்கு இது புதிய பாடமல்ல. 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காக சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று நம் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தி, பிறகு முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்த காசநோயாளிகளை இந்தப் பகுதியில் காணாத குடும்பம் குறைவு. ஒரே ஒரு வித்தியாசம். காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதத்தில் மருந்து முடிந்துவிடும். பி வகைக் காமாலைக்கு அநேகர் பல வருஷம், சிரோசிஸ் வந்தவர்கள் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கிறது. எப்போது நிறுத்தலாம் என்பதை இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இறுக்கத்தின் எண்ணை மட்டும் பார்த்து ஒருவரும் நிறுத்தக்கூடாது. வைரஸ் இருக்கும் எல்லாருக்கும் மாத்திரை வேண்டும் என்பதுமில்லை. சிலரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதையும் தீர்மானிக்கப் பரிசோதனைதான் வேண்டும்.

எண் ஏமாற்றும் சமயங்கள்

படுக்கையில் இருந்தபோது, மறுபடி அந்தக் கருவியில் தட்டிப் பாருங்கள் என்று ஆட்டோக்காரர் கெஞ்சினார். மருத்துவர் மறுத்துவிட்டார். காமாலை முற்றியிருக்கும் சமயத்தில் ஈரல் வீங்கி இறுகியிருக்கும். அப்போது எடுத்தால் சிரோசிஸ் இல்லாதவருக்கும் சிரோசிஸ் என்று காட்டும். வயிற்றில் நீர் இருந்தால் கருவியின் அதிர்வு ஈரலுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

வேறு சமயங்களிலும் எண் கூடும். சாப்பிட்டவுடன் ஈரலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் எண் ஏறும். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இதனால்தான். இருதயம் பலவீனமாகி இரத்தம் ஈரலில் தேங்கினாலும், பித்தக் குழாய் அடைத்தாலும், குடிப்பழக்கம் இருந்தாலும் ஏறும். உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்புச் சேர்வதால், வைரஸ் முற்றிலும் அடங்கியிருந்தும் தழும்பு கூடிக்கொண்டே போகலாம். ஆகவே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு எண் ஏறினால், "நீ மாத்திரை போடவில்லை" என்று உடனே குற்றம் சாட்டக்கூடாது. ஏன் ஏறியது என்று தேட வேண்டும்.

எண் நன்றாக இறங்கியவர்களுக்கும் ஒரு ஆபத்து மீதியிருக்கிறது. அது ஈரல் புற்றுநோய். மாத்திரை அதைக் குறைக்கிறது, அறவே நீக்குவதில்லை. தழும்பு முற்றிய 651 பேரை வைத்து ஆசிய நாடுகளில் செய்த ஒரு ஆராய்ச்சியின் முடிவு 2004இல் வெளிவந்தது. லாமிவுடின் என்ற பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 7.8 பேருக்கு நோய் முற்றியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 17.7 பேருக்கு முற்றியது. பாதிக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனாலும் 7.8 என்பது பூஜ்யம் அல்ல. அதனால் சிரோசிஸ் வந்தவர்கள், எண் 6க்கே இறங்கினாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். டெனோஃபோவிர் சாப்பிடுகிறவர்கள் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கீழாநெல்லியைப் பற்றி

நோயாளிகள் மாத்திரையை விடுவதற்கு இன்னொரு காரணம் கீழாநெல்லி. நம் ஊரில் காமாலை என்றாலே வேலியோரத்தில் இருக்கும் அந்தச் செடியைத்தான் கை தேடும். இதில் கேலிக்கு இடமில்லை. நமக்கு அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இதை முறைப்படி ஆராய்ந்தார்கள். இந்த வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற டாக்டர் புளும்பெர்க்கும் அதில் பங்குபெற்றார். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே தரமணியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் திரும்பச் செய்த ஆராய்ச்சிகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் கீழாநெல்லி சாப்பிட்டுக் காமாலை தெளிந்தவர்கள்? ஏ வகைக் காமாலை தானாகவே தெளியும். பெரியவர்களுக்கு வரும் பி வகைக் காமாலையும் பெரும்பாலும் தானாகவே தெளியும். கண்ணின் மஞ்சள் போய்விட்டது என்பதும் வைரஸ் போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. சித்த மருத்துவரிடம் போக விரும்புகிறவரை நாங்கள் தடுப்பதில்லை. தேசிய சித்த மருத்துவ நிறுவனமே நம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாமல், இரண்டு மருத்துவருக்கும் தெரியப்படுத்திவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்லுகிறோம்.

மற்றொரு காரணம் வெட்கம். டெனோஃபோவிர் எச்.ஐ.வி. நோய்க்கும் கொடுக்கப்படும் மாத்திரை. மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்ட மாமியார் சந்தேகப்பட்டு வீட்டில் புயல் கிளம்பிய சம்பவத்தை நாங்கள் அறிவோம். அந்தக் குடும்பத்தை உட்காரவைத்து விளக்க ஒரு முழு மாலை ஆயிற்று. அந்த மருமகள் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது எடுத்து நீட்டுவதே மாமியார்தான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

ஆகவே, அம்மா, அதே ஆளுக்கு அதே பரிசோதனை ஏன் என்றால், ஒரே ஒரு எண் எதையும் முடிவாகச் சொல்லுவதில்லை. முதல் எண் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லுகிறது. முதல் வருஷத்து எண் வெள்ளம் வடிந்ததைச் சொல்லுகிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் வருஷத்து எண்கள்தான் சேறு குறைகிறதா, அல்லது வேறு ஏதோ சேருகிறதா என்று சொல்லுகின்றன. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத மனிதனை ஐந்து வருஷம், பத்து வருஷம் நாள்தோறும் மாத்திரை சாப்பிடச் சொல்வது எளிதல்ல. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, படுத்து, தன் எண்ணைக் காண்கிறவர், நம்மோடு உட்கார்ந்து அதன் பொருளைக் கேட்டுப் போகிறார். அந்தப் பேச்சுத்தான் அவரை அடுத்த வருஷம்வரை மாத்திரையோடு வைத்திருக்கிறது.

மாத்திரை அரசாங்கம் கொடுக்கிறது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காக நாங்கள் நன்றி செலுத்துகிறோம். நம்மிடம் வருகிறவர்களில் பலர் அதன் மூலமே மருந்து பெறுகிறார்கள். ஒருநாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு அந்த வருஷத்துப் பரிசோதனையைச் செய்து, பொறுமையாக விளக்கி அனுப்புவதுதான் உங்கள் காணிக்கையால் நடக்கிறது. அறுவைசிகிச்சையைப்போல இது கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் நோயுறாமல் இருந்தார் என்பதைப் படம் பிடித்து மடலில் போட முடியாது.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்தால் தாய், சகோதரர், துணைவர், பிள்ளைகள் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். வைரஸ் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் சபையில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். கடைசியாக, இந்த நோயுள்ளவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே பாத்திரத்தில் குடிப்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ இது பரவுவதில்லை. திருவிருந்தில் எங்கே தன்னால் பிறருக்கு வந்துவிடுமோ என்று பின்வரிசையிலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை முன்னே அழைத்து வாருங்கள்.

நம் ஆட்டோக்காரர் இப்போது மறுபடியும் ஆட்டோ ஓட்டுகிறார். கடைசியாக எடுத்தபோது எண் 9.1. முன்பு கண்ட 8.4ஐவிடக் கொஞ்சம் கூடுதல்தான். காகிதத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார். இந்த முறை நாங்கள் முதலில் உட்கார்ந்து அதை விளக்கினோம், பிறகுதான் ஜெபித்தோம். எழுந்து போகும்போது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மாத்திரை அட்டை அதில் இருந்தது.

அவருக்காகவும், அவரைப்போல ஒவ்வொரு வருஷமும் நம் வாசலுக்குத் திரும்பி வருகிறவர்களுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். தேவன் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.